லட்லோ கோட்டையில் தோன்றிய மேகம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவும் நானும் நலம். வேலை ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்று தெரிந்த அன்று, உடன் பணிபுரிபவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ‘எவ்ரி கிளவுட் ஹேஸ் எ சில்வர் லைனிங்’ என்று சொன்னதில் மனம் இன்னும் கசந்துபோனதாக எழுதியிருந்தாய். எந்தக் கெடுதலிலும் ஒரு நன்மை ஒளிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகிறவர்கள்மீது உனக்கு வந்த கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தொடர் பிறந்த இடத்தில் அதற்கு அந்தப் பொருள் இல்லை.

1634 செப்டம்பர் 29 அன்று, நீ இருக்கும் பர்மிங்காமுக்கு மேற்கே உள்ள லட்லோ கோட்டையில், பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் முன்னிலையில் ஓர் இசை நாடகம் அரங்கேறியது. பின்னாளில் ‘கோமஸ்’ என்று பெயர் பெற்ற அதை எழுதியபோது ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டனுக்கு வயது 25. பிரபுவின் 15 வயது மகள் ஆலிஸ் நாயகியாகவும், அவளுடைய தம்பியர் இருவரும் நாயகியின் உடன்பிறந்தவர்களாகவும் நடித்தார்கள்.

நாடகத்தில், களைத்துப்போன நாயகிக்குப் பழம் பறித்துவரச் சென்ற உடன்பிறந்தவர்கள் திரும்பவில்லை, காட்டில் இருட்டிவிடுகிறது, ஆயிரம் பயங்கள் மனத்தில் மொய்க்கின்றன. அப்போது அவள் நம்பிக்கையை, எதிரே வந்து நிற்கும் ஒருத்தியை வரவேற்பதுபோல, ‘வெண்கரத்தாளே’ என்று அழைக்கிறாள். அடுத்த கணமே, நான் ஏமாந்தேனா, அல்லது ஒரு கரிய மேகம் தன் வெள்ளி லைனிங்கை இரவின் பக்கம் புரட்டிக் காட்டியதா என்று கேட்கிறாள். ரவிக்கைக்குத் தையற்காரர் வைப்பாரே, அதே லைனிங்தான். நிலவை மறைக்கும் மேகத்தின் நடுப்பகுதி தடித்து இருண்டிருக்க, மெலிந்த ஓரத்தின் நீர்த்துளிகள் ஒளியை நம் பக்கம் சிதறடிப்பதை மில்டன் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அவர் சொன்னது ஒரே ஒரு மேகத்தைப் பற்றி. ‘ஒவ்வொரு’ மேகத்துக்கும் என்று பழமொழியாக்கியது 19ஆம் நூற்றாண்டு. அந்த ஒளி அவளுக்கு வழி காட்டவுமில்லை; சற்று நேரத்தில் இடையன் வேடத்தில் வரும் மந்திரவாதி கோமஸ் அவளை ஏமாற்றி அழைத்துப் போகிறான். ஆனால் அந்த ஒளியைக் கண்ட தெம்பில்தான், தன் குரல் எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரம் உடன்பிறந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்று அவள் பாடத் தொடங்குகிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஆகவே கண்ணே, இங்கே நடுநிசியாக இருக்குமே என்று தயங்காமல், மனம் தவிக்கும் நேரத்தில் உடனே கூப்பிடு. விசா பற்றி வழக்கறிஞர் என்ன சொன்னார் என்பதையும் விவரமாக எழுது. அப்பா தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா