இங்கேயும் ஒரு கொழுஞ்சி

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாச்சு. பதநீர் இந்த வருஷம் சீக்கிரமே வற்றிவிட்டது என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா? பனையேறிய கால், உட்கார்ந்திருக்கச் சொன்னால் கேட்காது.

போன சனிக்கிழமை சிகாகோவிலிருந்து தெற்கே காரை ஓட்டிக்கொண்டு, இண்டியானாவில் இருக்கும் காங்ககீ சாண்ட்ஸ் என்ற புல்வெளிக்குப் போனேன். பனியுகத்தின் கடைசியில் உருகி வந்த வெள்ளம் கொட்டிவிட்டுப் போன மணல், காற்றடித்து மேடு மேடாகக் கிடக்கிறது. மேலே புல். நம் செம்மணல் தேரியைக் கொஞ்சம் வெளுத்து, மேட்டைத் தணித்து, பனைகளை எடுத்துவிட்டால் எப்படியிருக்கும், அப்படி. வழியெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான். இந்த இடமும் முக்கால்வாசி அப்படி உழுதுகிடந்ததுதான். 1990களில் நிலத்தை வாங்கி, நாட்டுச் செடிகளின் விதையைத் தூவி மீட்டெடுத்தார்கள். 2016இல் தெற்கு டகோட்டாவிலிருந்து 23 பைசன்களை, அதாவது இந்த ஊர்க் காட்டெருமைகளை, கொண்டுவந்து விட்டார்கள். எல்லோரும் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். எனக்குத் தூரத்தில் நாலைந்து கறுப்புப் பொட்டுதான் தெரிந்தது.

நான் குனிந்தே நடந்தேன். ஊதாவில் மூன்றிதழ்ப் பூ ஒன்று, காலையில் விரிந்து உச்சிவெயிலுக்குள் சுருங்கிவிடுகிறது. பார்த்ததுமே கானாவாழை என்று வாயில் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால், அதே குடும்பம்தான். ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூக்கும் இன்னொன்று நம் எருக்குக்குச் சொந்தம். நம்மூர் எருக்கிலையைத் தின்கிற வரிப்புழு மாதிரியே, மஞ்சள், கறுப்பு, வெள்ளை வளையங்களோடு ஒரு புழு இதில் மேய்ந்துகொண்டிருந்தது. அது மொனார்க் வண்ணத்துப்பூச்சியாகும். அதன் பேரப்பிள்ளைகள் இலையுதிர்காலத்தில் மெக்சிகோ வரை பறக்குமாம்.

சப்பாத்திக்கள்ளியையும் பார்த்தேன்! மணலோடு படுத்துக்கொண்டு, உள்ளங்கை அகல மஞ்சள் பூ. பனிக்காலத்தில் சுருங்கித் தட்டையாகி, பனிக்கு அடியில் கிடந்து பிழைக்கிறது. கள்ளிப்பழம் பறிக்கப்போய் நாக்கில் முள் ஏறி நீ அழுதாயே, அந்தக் கள்ளியின் சாதிசனத்துக்கு அமெரிக்காதான் பிறந்த ஊர். அங்கே அது வந்தேறி, இங்கே நான்.

ஒரு பாம்பு வேறு. கழுத்தை விரித்து நல்லபாம்பு மாதிரி சீறியது. எனக்கு உயிரே போய்விட்டது. நான் அசையாமல் நிற்கவும், அது புரண்டு மல்லாந்து, வாயைப் பிளந்து நாக்கைத் தொங்கவிட்டுச் செத்துப்போனது. கூட வந்தவர் சிரித்துக்கொண்டே, குச்சியால் மெல்லக் குப்புறப் போட்டார். உடனே மறுபடி மல்லாந்துகொண்டது! செத்த பாம்பு மல்லாந்துதான் கிடக்கவேண்டும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. தேரையைத் தின்று வாழும் சாதுவான ஜந்துவாம். பத்தடி தள்ளிப் போய் நின்றோம். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஊர்ந்து போய்விட்டது.

நான் சொல்லவந்தது கடைசி மேட்டில் பார்த்த செடியை. முழங்காலுக்குக் கீழே, சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய ரோமம். பூவில் மேலிதழ் வெளிர்மஞ்சள், பக்கத்து இதழ்கள் ரோஜா நிறம். இலையடுக்கைப் பார்த்ததுமே கண்டுகொண்டேன், நம் கொழுஞ்சியின் சாதிசனம்! இங்குள்ள பூர்வகுடிகள் இதன் வேரை இடித்துத் தண்ணீரில் போட்டு, மீனை மயங்கவைத்துப் பிடித்திருக்கிறார்கள்.

கொழுஞ்சி இலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் அம்பு முனை மாதிரி பிய்யுமே, பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் பிய்த்துக்கொண்டே போவோமே! இதுவும் அப்படிப் பிய்யுமா என்று பார்க்கக் கை பரபரத்தது. செடியில் கைவைக்கக் கூடாது என்பதால் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றேன். தேரிப் பக்கம் போனால் எனக்காக ஒன்று பிய்த்துப் போட்டோ எடுத்து அனுப்பு.

உன்,
செல்வம்