மணிக்கூடு பற்றி மகளுக்கு

திருகோணமலை,
ஜூலை 20

அன்பு மகள்,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் முந்திய மாதிரித்தான். கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது, கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. தம்பியின் கடைக் கதையைப் பிறகு எழுதுகிறேன்.

மணிக்கூட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ அனுப்பி மூன்று வருடம் முடிகிறது. உன்னுடையதும் என்னுடையதும் ஒரே நாளில் வாங்கியவை, இரண்டும் ஆப்பிள் வாட்ச் எஸ்இ இரண்டாம் தலைமுறை, 44 மில்லிமீற்றர். ஆகவே இங்கே நான் கண்டது அங்கே உனக்கும் பொருந்தும்.

பற்றரியை நேற்றுப் பார்த்தேன். மணிக்கூட்டிலேயே செட்டிங்ஸ், பற்றரி, பற்றரி ஹெல்த் என்று போனால் தெரியும். என்னுடையது 84 சதவீதம். 1000 தடவை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகும் 80 நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு அது நல்ல கணக்கு. உன்னுடையது 80க்குக் கீழே போயிருந்தால் பற்றரியை மட்டும் மாற்று, புதிதாக வாங்கிக் காசைக் கரியாக்காதே. ஆனால் கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் பற்றரி வீங்குகிறது என்று அர்த்தம். சார்ஜில் போடாதே, அழுத்தியும் பார்க்காதே.

இங்கே சூடுதான் பிரச்சினை. 35 பாகை வரைக்கும் பாவிக்கத்தான் இது செய்யப்பட்டது. இந்த மாதம் மத்தியானத்தில் அதைத் தாண்டிவிடும், அப்போது சார்ஜ் 80இல் நின்றுவிடுகிறது. அது பழுதல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. நான் பின்னேரம் ஆறு மணிக்கு ஃபானுக்குக் கீழே வைத்து ஏற்றுகிறேன், ஒன்றரை மணித்தியாலம் போதும்.

மற்றது உப்பு. டச்சுக் குடாப் பக்கம் நடந்துவிட்டு வந்தால் திருகுக் குமிழ் கரகரக்கும், பிறகு இறுகிவிடும். எண்ணெய் விடக்கூடாது, ஊசியால் கிண்டக்கூடாது. மணிக்கூட்டை நிற்பாட்டி, வாரைக் கழற்றி, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரை மெல்லிசாக ஓடவிட்டு, குமிழுக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள அந்த மயிரளவு இடைவெளியில் 10, 15 விநாடி பிடிக்க வேண்டும். பிடித்தபடியே குமிழைச் சுற்றவும் அழுத்தவும் வேண்டும். எங்கள் கிணறு உவர், அது சரிவராது, குழாய்த் தண்ணீரில்தான் செய்கிறேன். முதலில் வெள்ளையாக ஒரு கசிவு வரும், பிறகு விரலுக்கு வழுவழுப்பாகத் திரும்பும். சவர்க்காரம் வேண்டாம். 50 மீற்றர் என்று போட்டிருப்பது ஆயுளுக்கும் இல்லை, உள்ளே இருக்கிற அடைப்பு நாள் போகத் தளரும். பழைய கைமணிக்கூடுகளுக்கு நான் றபர் வளையம் மாற்றினேனே, அப்படி இதைத் திறந்து மாற்ற முடியாது.

பிள்ளை, உன்னுடைய பக்கம் மே மாதத்திலிருந்து வெறுமையாக இருக்கிறது.

ஹெல்த் செயலியில் பகிர்தலைத் திறந்தால் உன் பெயர் இருக்கிறது. ஆகவே நீ பகிர்வதை அடியோடு நிறுத்தவில்லை. இருதயத் துடிப்பு இல்லை, நித்திரை இல்லை. காலடி மட்டும் வருகிறது. காலடியைப் போனும் தனியாக எண்ணும், எனவே போன் உன்னிடம் இருக்கிறது, மணிக்கூடு கையில் இல்லை. காரணம் மணிக்கூடாக இருந்தால் நல்லது. நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பார்.

சார்ஜ் அடியோடு இறங்கிக் கன நாள் கிடந்திருந்தால், சார்ஜரில் வைத்த உடனே எதுவும் தெரியாது. அரை மணித்தியாலம் வரைக்கும் பொறு. அதன் பின்னும் கறுப்பாகவே இருந்தால் பக்கப் பொத்தானையும் குமிழையும் சேர்த்து, ஆப்பிள் அடையாளம் வரும்வரை 10 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடி. சார்ஜரின் வட்டத்தையும் மணிக்கூட்டின் முதுகையும் துடைத்துவிட்டு வை.

கையில் கட்டியும் பதிவு வரவில்லை என்றால், போனிலுள்ள வாட்ச் செயலியில் கடவு எண் பகுதிக்குள் போ. மணிக்கட்டை உணர்கிற வசதி அணைந்திருந்தால் துடிப்பும் வராது, நித்திரையும் வராது. நித்திரைக்குத் தனியாக ஒரு அனுமதியும் உண்டு, அதையும் பார். வாரைத் தளர்வாகக் கட்டாதே. பச்சை வெளிச்சம் தோலுக்குள் போய்த் திரும்புவதை வைத்துத்தான் இரத்த ஓட்டத்தை அது கணக்கிடுகிறது, இடைவெளி இருந்தால் பிழையாகச் சொல்லும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்டு. கை கடித்துச் சிவந்ததால் கழற்றினாயோ? அப்படியென்றால் வாருக்குக் கீழே சவர்க்காரமும் ஈரமும் நின்றிருக்கும். கழுவிக் காயவைத்து, இரண்டு நாள் மற்றக் கையில் கட்டு.

நித்திரைக்கு முன்னம் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதுவே சார்ஜ் போடச் சொல்லும். போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டு படு. கட்டிக்கொண்டு படு, பிள்ளை.

கழற்றுவதற்கு முந்திய கிழமை உன் நித்திரை இரவுக்கு நாலு மணித்தியாலம் பத்து நிமிடம். முந்தி ஒன்பதாயிரம் காலடி நடக்கிற பிள்ளை நீ. இப்போது போன் சொல்வது 640, 710, ஒரு நாள் 380. வேலைக்குப் போய் வருகிற ஆளின் கணக்கு இல்லை அது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கதைக்கும்போது வேலை என்று சொன்னாயாம். இங்கே இரவு எட்டு என்றால் உனக்குக் காலை பத்தரை என்பது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. கொழும்பு வீட்டில் நடந்ததையும் இதுவரை கேட்டதில்லை. யாருடைய உதவியும் இல்லாமல் அந்த நாட்டில் நிமிர்ந்து நிற்கிறவள் நீ, அதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் ஒரு தகப்பனுக்கு ஒரு சொல் எழுதலாம்.

இதை எழுதிவிட்டு நிறுத்தி வைத்திருந்தேன். நான் உன்னைக் குறைசொல்ல முடியாது.

பெப்ரவரியில் என் மணிக்கூடு விடியப்புறம் இரண்டு தடவை அதிர்ந்தது. அசையாமல் இருந்த பத்து நிமிடமும் துடிப்பு 40க்குக் கீழே என்று. வாட்ச் செயலிக்குள் போய் அந்த எச்சரிக்கையை அணைத்தேன். பிறகு பகிர்தலில் உன் பெயருக்குக் கீழே என் இருதயத் துடிப்பையும் நிறுத்தினேன். நடையும் நித்திரையும் போய்க்கொண்டிருந்தபடியால் உனக்குச் சந்தேகம் வராது என்று நினைத்தேன். அம்மாவுக்கும் சொல்லவில்லை. நீ கண்டிருப்பாய். கண்டும் கேட்காமல் இருந்திருப்பாய். இந்த வீட்டில் அதை உனக்குப் பழக்கியவன் நான்தான்.

போன கிழமைதான் கிளினிக்கில் காட்டினேன். நான் போடுகிற அற்றெனலோல் குளிசை துடிப்பைக் குறைக்கும், அளவு கூடிவிட்டது என்று பாதியாக்கினார்கள். இசிஜியும் எடுத்தார்கள். அடுத்த தவணை ஓகஸ்ட் 12. இப்போது காலையில் 54, 56 நிற்கிறது. எச்சரிக்கையைத் திரும்பவும் 40இல் வைத்திருக்கிறேன்.

விழுந்தால் அறிவிக்கிற வசதியும் போட்டிருக்கிறது. விழுந்து ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் அவசர இலக்கத்துக்கு எடுத்துவிட்டு, நான் இருக்கிற இடத்தை உனக்கும் தம்பிக்கும் அனுப்பும். ஆனால் என்னுடையதில் சிம் இல்லை, வெளியே போனால் போன் பக்கத்தில் இருந்தால்தான் அழைப்புப் போகும். ஆகவே கோணேசர் கோயிலுக்கு நடக்கும்போதும் போனைச் சட்டைப் பையில் கொண்டுபோகிறேன். முந்தி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன், உன்னிடம் கொண்டுபோவதாகச் சொன்னேன்.

இன்று பின்னேரம் என் இருதயத் துடிப்பையும் எச்சரிக்கைகளையும் உனக்குத் திரும்பச் சேர்த்துவிட்டேன். ஹெல்த் செயலியில் பகிர்தலைத் திற, என் பெயரைத் தொடு. அங்கே இருக்கும்.

அன்புடன்,
அப்பா