அது முழக்கம் அல்ல, முறையீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த போர் எதிர்ப்புப் பாடல்கள் கட்டுரையில், ஆஸ்திரேலியாவின் ரெட்கம் குழு 1983-இல் வெளியிட்ட 'ஐ வாஸ் ஒன்லி நைன்டீன்' பாடலுக்கு ஒற்றை வரிதான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதிலும் 'அரசுக்கு எதிரான முழக்கம்' என்று முடித்துவிட்டது எனக்கு வருத்தமளிக்கிறது.

அந்தப் பாட்டில் முழக்கமே கிடையாது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவன் டாக்டரிடம் முறையிடுகிறான். இன்னும் ஏன் தூக்கம் பிடிக்கவில்லை? வருவதும் போவதுமாக இருக்கும் இந்தத் தோல் தடிப்பு எதனால்? டிவிக்காரர்களின் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலும் உள்ளங்கால்வரை சில்லிடுகிறதே, ஏன்? எதற்கும் பாட்டு பதில் சொல்வதில்லை. வியட்நாம் காடுகளின் இலைகளை உதிர்க்க அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி பற்றி விசாரித்த அரச ஆணையமோ, 1985-இல் அந்த ரசாயனத்தின் மீது குற்றமில்லை என்று அறிக்கை கொடுத்தது.

எழுதிய ஜான் ஷூமன் போருக்குப் போனவர் அல்ல. போய்வந்த மைத்துனர் சொன்னதைக் கேட்டு எழுதினார். பாட்டில் வருவதுபோல, மனிதன் நிலவில் கால் வைத்த அன்று, 1969 ஜூலை 21-இல், கூட நடந்தவன் கண்ணிவெடியை மிதித்தது உண்மையில் நடந்ததுதான். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1967-இல் தெற்கு வியட்நாமின் ஃபூக் துய் மாகாணத்தில் ஆஸ்திரேலியப் படையே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளைப் புதைத்தது. எதிர்த்தரப்பினர் அவற்றை ஆயிரக்கணக்கில் தோண்டியெடுத்துத் திரும்ப அவர்கள் காலடியிலேயே வைத்தார்கள். தங்கள் நாட்டுத் தளபதிகள் போட்ட திட்டத்துக்கே பிள்ளைகள் பலியானார்கள்!

ஆஸ்திரேலியாவிலிருந்து அந்தப் போருக்குப் போனவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கட்டாய ராணுவ சேவையில் சேர்க்கப்பட்டவர். இருபது வயதுப் பையன்களின் பிறந்த தேதியைக் குலுக்கலில் எடுத்து ஆள் பிடித்தார்கள். அன்று அங்கே ஓட்டுரிமை வயது 21.

இந்தப் பாட்டு ஆஸ்திரேலியாவில் முதலிடம் பிடித்ததற்கு மெட்டு மட்டும் காரணமாக இருக்க முடியாது. தங்களால் வீட்டில் சொல்ல முடியாததை இது சொல்லிவிட்டது என்று அந்த முன்னாள் சிப்பாய்களே இதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். ராயல்டியும் அவர்களுடைய சங்கத்துக்கே போனது. அவர்களுக்கென நாடு தழுவிய வரவேற்பு ஊர்வலம் சிட்னியில் நடந்தது 1987 அக்டோபரில்தான்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்த மண்ணில் வாழ்ந்த வியட்நாமியர் பாட்டில் வருவதே இல்லை. அவர்கள் தரப்புப் பாடல்களையும் சேர்த்து, இந்தப் பாடலுக்கென்று தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி