கப்பலில் வரையப்போகும் பிள்ளைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் விடுமுறை நெருங்கினாலே கொச்சியில் ஏறும் சொகுசுக் கப்பலுக்கும், கோவையிலிருந்து சிங்கப்பூர் பறந்து அங்கே ஏறும் கப்பலுக்கும் பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் விசாரணை தொடங்கிவிடுகிறது. எந்நேரமும் படம் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளையை அழைத்துப்போகிறவர்கள், ‘கிட்ஸ் கிளப் (கப்பலில் பிள்ளைகளுக்கு விளையாட்டும் கைவேலையும் நடத்தும் சிறுவர் குழு) உண்டா?’ என்று ஏஜென்ட்டிடம் கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரிய கப்பல் என்றால் அநேகமாக உண்டு. அங்கே என்ன நடக்கிறது என்றல்லவா கேட்க வேண்டும்?

பொதுவாக 3 வயது முதல் 11 அல்லது 12 வரை சேர்ப்பார்கள். டயப்பர் கட்டும் பிள்ளைக்கு இடமில்லை. சிறுவர் குழுவில் ஓவியம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் அச்சடித்த மீனுக்கு வண்ணம் தீட்டுவதும், காகிதத் தட்டில் மினுக்குத்தூள் ஒட்டுவதும்தான். ஐந்து வயதுக்கு அது தாராளம். ஒன்பது வயதில் முகம் வரையப் பழகுகிற பிள்ளை அரைமணியில் எழுந்து வந்துவிடும். பதின்மூன்றானால் டீன் கிளப். அங்கே வீடியோ கேமும் நடனமும். ஆகவே பணம் கட்டுமுன் முந்தைய பயணத்தின் தினசரி நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். அதில் துறைமுகம் தொடாமல் கடலிலேயே கழியும் நாளைப் பாருங்கள். வாட்டர்கலர், ஒரிகாமி என்னும் காகித மடிப்பு, குளியல் துண்டில் யானை மடிப்பது போன்ற வகுப்புகளை அன்றுதான் வைப்பார்கள். இரண்டு இரவுப் பயணமென்றால் அப்படி ஒரு முழுநாள் இருக்கிறதா என்றே முதலில் பாருங்கள். பெரியவர்களுக்கான ஓவிய வகுப்பில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவிடுவார்களா, தனிக் கட்டணமா என்பதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாமான்களை வீட்டிலிருந்தே கொண்டுபோவதுதான் நல்லது. ஏ5 அளவில், தாளின் கனம் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத சுருள்கம்பி நோட்டு ஒன்று, 12 வண்ணக் கட்டி வாட்டர்கலர், கைப்பிடிக்குள் தண்ணீர் நிரப்பும் தூரிகை இரண்டு, 2பி, 4பி பென்சில், மூடியுள்ள ஷார்ப்னர், தாள் பறக்காமலிருக்க இரண்டு கிளிப். ஆடும் மேஜையில் தண்ணீர்க் குவளை நிற்காது என்பதால்தான் அந்தத் தூரிகை. போஸ்டர் கலர் பாட்டில் பெட்டிக்குள்ளேயே கசியும். மெழுகுக் கிரேயான் மேல்தளத்து வெயிலில் இளகிவிடும். டர்பன்டைன், தின்னர், ஸ்ப்ரே பெயின்ட், பசைத் துப்பாக்கி எல்லாம் தீ அபாயம் என்று கப்பல் வாசலிலேயே எடுத்துவைத்துவிடுவார்கள். கத்தரிக்கோலின் அலகு நாலு அங்குலத்துக்கு மேல் இருந்தாலும் பல நிறுவனங்களில் அதே கதி. கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. ஏழெட்டு சிறு காந்தம் இருந்தால் வரைந்ததை மாட்டலாம். செலோடேப் ஒட்டிப் பெயின்ட் உரிந்தால் வம்பு.

குனிந்து வரைந்துகொண்டே இருந்தால் குமட்டும். கண் அசையாத தாளைப் பார்க்கிறது, காது ஆட்டத்தை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததுதான் காரணம். ஆட்டம் குறைவான நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலைதூக்கித் தொடுவானத்தைப் பார்க்கட்டும்.

என்ன வரைவது? கப்பலே பாடம்தான். மூன்றாம் தளத்திலிருந்து ஒரு படம், பத்தாம் தளத்திலிருந்து ஒரு படம். எவ்வளவு மேலே போனாலும் தொடுவானம் பிள்ளையின் கண்மட்டத்திலேயே நிற்கும். கீழே தெரியும் கடல்தான் விரியும். பின்தளத்தில் நின்றால், கப்பல் விட்டுச்செல்லும் நுரைத்தடத்தின் இரு விளிம்பும் தொலைவில் ஒன்றையொன்று நெருங்குவது தெரியும். பெர்ஸ்பெக்டிவ், அதாவது தொலைவைத் தாளில் காட்டும் முறையைச் சொல்லித்தர இதைவிட நல்ல கரும்பலகை கிடையாது.

அலைக்கு உணவகத்து உப்புப் பொட்டலம் போதும். நீலத்தைத் தாராளமாகப் பூசி, ஈரப் பளபளப்பு மங்கத் தொடங்கும்போது ஒரு சிட்டிகை உப்பைத் தூவ வேண்டும். ஒவ்வொரு உப்புத் துகளும் நிறத்தை உறிஞ்சி, சுற்றிலும் வெள்ளை நட்சத்திரம் விடும். தண்ணீர் தேங்கியிருந்தால் உப்பு கரைந்துபோகும், காய்ந்துவிட்டால் ஒன்றுமே ஆகாது. முழுக்கக் காய்ந்தபின் தட்டிவிடலாம். பால்கனியில் காயவைக்காதீர்கள், தாள் கடலுக்குப் போய்விடும். ஏசி கேபினே நல்லது.

கொச்சியில் ஏறுகிறவர்கள் பாலக்காட்டிலிருந்து முதல்நாளே போய்விடுங்கள். கப்பல் முனையம் இருக்கும் வில்லிங்டன் தீவிலிருந்து மட்டாஞ்சேரி பக்கம்தான். அங்குள்ள அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களில் மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்ற ஐந்தே நிறம் என்ன வேலை செய்கிறது என்று பிள்ளை பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அன்று கோட்டைக் கொச்சியின் சீன மீன்பிடி வலையைத்தான் வரைய முடியும். வலை மேலேறும்போது எதிர்முனையில் கல் கட்டிய கயிறுகள் இறங்குவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அந்தக் கல்லை வரையாமல் விட்டால் வலை அந்தரத்தில் தொங்கும்.

இப்படிக்கு,
ஓவியப் பயிற்சி ஆசிரியர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.