அசலைக் கெடுத்தவள் எழுதுவது

அன்புள்ள அண்ணா,

அப்பாவின் திதி நல்லபடியாக முடிந்தது. கோயில் படங்களை அனுப்பினேன். படையலைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஓரத்தில் நின்ற காரைத்தான் பார்த்தீர்கள், நான் வாங்கி நம் சாலைக்கு ஏற்ப மாற்றிய அந்தப் பழைய காரை. 'அசலைக் கெடுத்துவிட்டாய்' என்று நீங்கள் குடும்பக் குழுவில் போட்ட வரியை எல்லாரும் படித்துவிட்டார்கள். அங்கே பதில் சொன்னால் அத்தை மக்கள் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிடுவார்கள். இந்தப் பொதுக் கடிதத்தையும் அவர்கள் படிக்கத்தான் போகிறார்கள். ஆனால் இங்கே நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது.

முதலில், உங்களைக் கேட்காமல் வாங்கியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சேர்ந்து வாங்குவோம் என்று பேசியதை நான் மறக்கவில்லை. கேட்டிருந்தால் பொறு என்றிருப்பீர்கள். அடுத்த தீபாவளிக்கு வருகிறேன், வந்து பேசுவோம் என்றிருப்பீர்கள். அப்பாவும் அப்படித்தான் காத்திருந்தார். அந்த வரிசையில் போய் நிற்க எனக்கு மனமில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். கணக்கைப் பொதுவில் விரிக்கமாட்டேன். அப்பாவின் வீட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. படிக்கிற மற்றவர்களும் இதைத் தெரிந்துகொள்ளட்டும். வகுப்பறையில் நின்று சம்பாதித்த பணம் அது.

கூரை திறக்காத கார் என்பதும் உங்களுக்கு வருத்தம், தெரியும். நம் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர், அந்தத் துரையின் கார் திறந்த கார். நான் வாங்கியது 1972ஆம் ஆண்டின் எம்ஜிபி ஜிடி, மூடிய கூரையுள்ள பிரிட்டிஷ் விளையாட்டுக் கார். இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரீனா கைவைத்த அந்தக் கூரை எனக்குப் பிடிக்கும். மலேசியாவின் பேராக் மழைக்குத் துணிக்கூரை எனக்கு வேண்டாம்.

அந்த மழை நாளைப் பற்றியும் இன்று சொல்லிவிடுகிறேன். ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைவீட்டைத் தாண்டி பங்களாவுக்கு ஏறும் மேடு. நீங்கள் எத்தனையோ கல்யாண வீடுகளில் சொன்ன கதை. துரை கதவைத் திறந்து உங்களை உட்காரச் சொன்னார், மெல்லிய ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தீர்கள், இப்படி ஒரு கார் வாங்குவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தீர்கள். பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். உங்கள் கதையில் அப்பா வருவதே இல்லை.

அப்பா காருக்கு அடியில் இருந்தார், அண்ணா. டார்ச்சைப் பிடித்திருந்தவள் நான். குனிந்து பிடித்ததால் காரின் அழகு எதுவும் என் கண்ணில் படவில்லை. அவர் முகம்தான் தெரிந்தது, காதுவரை செம்மண் சேறு. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தளர்ந்து தொங்கிப்போன கார் அது. லாரிச் சக்கரங்கள் அறுத்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவே மேடு எழும்பி நிற்குமே, அந்த மேடு சைலன்ஸரைப் பிடுங்கிவிட்டது. அப்பா அதைக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் இருக்கையில் துள்ளினீர்கள். ஜாக்கி சேற்றில் சரிந்தது. அவர் புரண்டு வெளியே வந்துவிட்டார், ஆனால் சட்டைக் கை உள்ளே சிக்கித் தோள்வரை கிழிந்தது. துரை ஆங்கிலத்தில் ஏதோ கத்தினார். அப்பா உங்களைப் பார்த்து, 'இறங்கு ஐயா' என்றார். வேறு ஒரு சொல் இல்லை. ஜாக்கிக்கு அடியில் பலகை கொடுத்தார், மறுபடியும் உள்ளே போனார். வீட்டில் அம்மாவிடம் சட்டை முள்ளில் மாட்டிக்கொண்டது என்று சொன்னார்.

நீங்கள் பள்ளிப் பையன். உங்கள்மேல் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. துள்ளாத பையன் யார்? ஆனால் அடுத்த முறை அந்தக் கதையைச் சொல்லும்போது அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது எனக்கு வேண்டும்.

இப்போது அசலுக்கு வருவோம். முன்பக்கத்தில் நான் எதையும் கழற்றி எறியவில்லை. எறியவும் முடியாது. ஆட்டத்தை அடக்கும் அந்த லீவர் அப்சார்பரின் கைதான் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் விஷ்போன் என்ற கவைக்கையும்கூட என்பது உங்களுக்கே தெரியும். ஒழுகிய சீல்களை மாற்றி, எண்ணெய் நிரப்பி, அதையே திரும்பப் பொருத்தினோம். கீழே இணைப்பில் போட்ட ரப்பர் புஷ், 1973இல் வந்த எட்டு சிலிண்டர் வி8 காருக்காக அந்த நிறுவனமே போட்ட வகை, நடுவில் உலோகக் குழாய் உள்ளது. முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிப்பது என் வேலை. நானே அடிக்கிறேன்.

பின்பக்கத்தில்தான் மாற்றினேன். வளைவு சற்றுக் கூடிய புதிய பட்டை ஸ்பிரிங், லீவர் அப்சார்பருக்குப் பதில் நீளக் குழாய் அப்சார்பர். உயரம் கூடியதால் அச்சு எவ்வளவு கீழே தொங்கலாம் என்று பிடித்துவைக்கும் வார்களையும், பிரேக் ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. கம்பிச் சக்கரங்களை எடுத்துவிட்டு இரும்புச் சக்கரம் போட்டேன். குழியில் விழுந்து விழுந்து கம்பி தளர்ந்தால் இங்கே கட்டிக்கொடுக்க ஆள் இல்லை. டயரின் பக்கச்சுவரை உயரமாகவே விட்டேன். எஞ்சின் எண்ணெய் தங்கும் சம்புக்கு அடியில் ஒரு தகடு.

ஈப்போப் பட்டறைக்காரர் முதலில் கடினமான ஸ்பிரிங்கைத்தான் எடுத்து வைத்தார். வளைவில் சாயாது, விளையாட்டுக் கார் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். வழுவழுப்பான பந்தயத் தடத்தில் அது சரி. சரளைக் கல்லில் கடினமான ஸ்பிரிங் போட்டால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையை விட்ட சக்கரத்துக்குப் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஸ்பிரிங் இளகி, சக்கரம் ஏறி இறங்க இடம் இருந்து, அப்சார்பர் அந்த ஆட்டத்தை உடனே அடக்க வேண்டும். 'ஸ்பிரிங் தாங்கட்டும், மனிதன் தாங்கக்கூடாது' என்று தோட்டத்து லாரிகளுக்குப் பட்டை அடுக்கும்போது அப்பா சொல்வாரே. பட்டறைக்காரரிடம் அதைச் சொன்னேன். கடின ஸ்பிரிங்கை அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

கூட்டியது ஒரு அங்குலம். அதற்காகத்தானே இந்தக் கோபம்? 1974இல் அமெரிக்காவின் பம்பர் விதிக்காக இங்கிலாந்தில் இந்தக் காரைச் செய்த அபிங்டன் தொழிற்சாலையே இதே காரை ஏறக்குறைய அதே அளவு தூக்கியது. அப்புறம் வளைவில் அதிகம் சாய்கிறது என்று சாய்வைத் தடுக்கும் ஆன்டி ரோல் பாரைத் திருத்தினார்கள். அமெரிக்கச் சட்டத்துக்காகத் தூக்கினால் அது வரலாறு, சுங்கை சிப்புட் சாலைக்காக நான் தூக்கினால் அது கெடுப்பதா? நீங்கள் இருக்கும் பெர்த்தில் நல்ல சாலை இருக்கிறது. நீங்கள் அசலைப் போற்றலாம். நான் லிந்தாங் சாலையில் திரும்பி, தார் முடிந்த பிறகு செம்பனைக்குள், எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள், போக வேண்டியிருக்கிறது. தொழிலாளர்களின் லயன் வீடுகள் போய்விட்டன, ரப்பர்ப் பால்மரங்களும் போய்விட்டன, மாரியம்மன் கோயில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. குலை ஏற்றிய லாரிகள் சாலையை அறுத்தபடியேதான் இருக்கின்றன. அந்தத் துரையின் கார் அந்த மேட்டில் மாட்டிக்கொண்டது, என்னுடைய கார் மாட்டிக்கொள்ளாது. திதியன்று நான் அதை ஏற்றிக் காட்டினேன். அடியில் ஒரு கல்லும் தட்டவில்லை. நீங்கள் பக்கத்து இருக்கையில் இருந்திருந்தால் கத்தியிருப்பீர்கள், மகிழ்ச்சியில்.

1964 மான்டி கார்லோ ராலி கார்ப் பந்தயத்தில் எம்ஜிபியை ஓட்டி ஜிடி பிரிவை வென்ற மோர்லி சகோதரர்களைப் பற்றி எனக்குச் சொன்னதே நீங்கள்தான். அவர்கள் விவசாயிகள் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வீர்கள். டொனால்ட் ஓட்டுவார், எர்ல் வழி சொல்வார். நீயும் நானும் அப்படித்தான் என்றீர்கள். பெண் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று எல்லாரும் கேட்ட நாளில் நீங்கள் ஒருவர்தான் ஸ்பேனரைக் கையில் கொடுத்தீர்கள். அதற்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள். அதனால்தான் உங்கள் ஒரு வரி இவ்வளவு சுட்டது.

அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றி எழுத வந்தேன். இங்கே வேண்டாம். நீங்கள் தொலைபேசியில் கேட்டால் சொல்கிறேன். கேட்க வேண்டும்.

பின்பக்கத்து பழைய லீவர் அப்சார்பர்கள் இரண்டையும் எண்ணெய் வடித்து, துணி சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மறுபடி பொருத்த நான்கு போல்ட்டுகள் போதும், எதையும் வெட்டவில்லை. அவை உங்களுக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன். அனுப்பும் செலவு உங்களுடையது. நீங்களே வந்து எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் மிச்சம்.

அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை