இன்வர்னஸிலிருந்து லண்டனுக்கு ஒரு ராத்திரி ரயில்

இன்வர்னஸ்,
ஜூலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். உங்கள் சர்க்கரையும் அம்மாவின் முழங்கால் வலியும் இப்போது எப்படி? லண்டன் போய்வந்ததைப் போனில் சொல்ல ஆரம்பித்ததுமே "எத்தனை பெட்டி, என்ன எஞ்சின்" என்று கேட்டீர்கள். அதற்குள் குட்டி போனைப் பிடுங்கிவிட்டாள். அதனால் சாவகாசமாக எழுதுகிறேன்.

இங்கே ஸ்காட்லாந்தில் ஜூன் கடைசி, ஜூலை முதலில் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய லீவு விடுகிறார்கள். லண்டனுக்கு இங்கிருந்து விமானமும் உண்டு. ஆனால் பெரியவன் படுத்துக்கொண்டு போகிற ரயிலில்தான் போகணும் என்று ஒற்றைக்காலில் நின்றான். உங்கள் பேரன், வேறெப்படி இருப்பான்? ரயிலுக்குக் கலிடோனியன் ஸ்லீப்பர் என்று பெயர். சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஓடாது. அதனால் வியாழன் ராத்திரி கிளம்பி, ஞாயிறு ராத்திரி அங்கிருந்து திரும்புகிற மாதிரி ஆஸ்பத்திரியில் ட்யூட்டியை மாற்றிக்கொண்டேன்.

படுத்துப் போக வேண்டுமென்றால் இதில் பெர்த் கணக்கு கிடையாது, அறைக்குத்தான் காசு. ஒரு அறையில் மேலே ஒன்று, கீழே ஒன்று. முன்பின் தெரியாதவரோடு படுக்க வைக்க மாட்டார்கள். அடுத்தடுத்த இரண்டு அறை எடுத்தோம், நடுவில் திறந்துகொள்ளக் கதவு உண்டு. விலையை ரூபாயில் சொன்னால் அம்மாவுக்குத் தூக்கம் வராது, விடுங்கள். உட்கார்ந்து போகிற சீட்டு மலிவுதான், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது ஆகாது.

அறையில் மேஜைப் பலகையைத் தூக்கினால் அடியில் வாஷ்பேசின். கண்ணை மூடிக்கொள்ளத் துணியும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் கொடுத்தார்கள். குளியலறையோடு சேர்ந்த அறையும் இருக்கிறது, அதற்கு இன்னும் காசு. நம் தண்டவாளம் 1676 மில்லிமீட்டர் என்று எனக்குச் சின்ன வயசிலேயே மனப்பாடம் பண்ணி வைத்தீர்களே, இங்கே 1435தான். பெட்டியும் அதற்கேற்ற ஒடுக்கம். நடைவழியில் எதிரே ஒருவர் சூட்கேஸோடு வந்தால் நாம் அறைக்குள் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

எட்டரை மணி வாக்கில் வண்டி எடுத்தார்கள். எடுத்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாக் கதவும் சாத்தியாச்சு. நெல்லை எக்ஸ்பிரஸில் கோவில்பட்டி வருவதற்குள் எதிர் சீட்டுக்காரர் மகளுக்கு எங்கே வரன் பார்க்கிறார் என்பது வரை தெரிந்துவிடும். இங்கே பக்கத்து அறையில் ஆளா பேயா என்று கடைசி வரை தெரியவில்லை. டீ, காபி என்று கூவுகிறவர் இல்லை. குட்டி "எப்போ வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், போன வருஷம் ஊருக்கு வந்த ஞாபகம். நான் கட்டிக்கொண்டுபோன புளியோதரையைப் பிரித்ததும் வாசனை வராந்தா முழுக்க. எனக்குக் கூச்சமாக இருந்தது, உங்கள் மாப்பிள்ளைக்கு இல்லை. அவர் அதையும் சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டுப் பெட்டிக்குப் போய் ஹாகிஸும் சாப்பிட்டார். ஆட்டு ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு கொத்திப் பிசைந்து வேகவைப்பது. மசித்த உருளைக்கிழங்கும் டர்னிப்பும் பக்கத்தில். "மிளகு இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா நம்ம வீட்டுக் கறிதான்" என்கிறார். நம்பாதீர்கள்.

இந்த மாதங்களில் பத்து மணிக்கும் இங்கே வெளிச்சம். டிரமாக்டர் கணவாயை வெளிச்சத்திலேயே தாண்டினோம். 452 மீட்டர் உயரம், இந்த நாட்டு முக்கிய ரயில் பாதைகளில் இதுதான் உச்சி. இரண்டு பக்கமும் மரமே இல்லாத மொட்டை மலை, ஓடைப் பக்கம் மான் கூட்டம். எஞ்சின் முக்கி முக்கி ஏறுவது காலடியில் தெரிந்தது.

இனி உங்களுக்கான விஷயம். இந்த ரயில் மூன்றாகக் கிளம்பி எடின்பரோவில் ஒன்றாகிறது. இன்வர்னஸ் வண்டி, அபர்டீன் வண்டி, ஃபோர்ட் வில்லியம் வண்டி மூன்றையும் நடுராத்திரிக்கு மேல் அங்கே கோத்து 16 பெட்டியாக லண்டனுக்கு அனுப்புகிறார்கள். அதுவரை டீசல் எஞ்சின், அங்கிருந்து கரண்ட் எஞ்சின். 25,000 வோல்ட், நம் ஊர் போலவே. பிள்ளைகள் அசந்து தூங்கினார்கள். நான் தலைமாட்டில் ஒரு இடி உணர்ந்து எழுந்து நடைவழி ஜன்னலுக்குப் போனேன். ஆரஞ்சு சட்டை போட்ட ஒருவர் பிளாட்பாரத்தில் நடந்தபடியே வாக்கிடாக்கியில் தூரம் சொல்லிக்கொண்டு வந்தார். பெட்டிகள் ஊர்ந்து வந்தன, நின்றன, மறுபடி ஒரு அடி, அரை அடி. அப்புறம் ஒரே ஒரு தட்டு. நம் ஊரில் இப்போது ஓடுகிற புது மாதிரி எல்எச்பி பெட்டி போல, பெட்டிகளை இணைக்க நடுவில் தானே பூட்டிக்கொள்ளும் கப்ளர்தான். ஆனாலும் அந்த மனிதர் குனிந்து டார்ச் அடித்து, கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். ஜங்ஷனில் வேலை பார்த்தபோது நீங்களும் அப்படித்தான், பூட்டிய சத்தத்தை நம்பவே மாட்டீர்கள். அவர் நிமிர்ந்தபோது ஜன்னலில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். அந்த ராத்திரியில் எனக்குத் தெரிந்த ஒரே சக மனிதர்.

காலை எட்டு மணி வாக்கில் யூஸ்டன். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு 1968-இல் திறந்த ஸ்டேஷன். எழும்பூருக்கு உறைபோடக் காணாது. பக்கத்திலேயே யூஸ்டன் ஸ்கொயரில் சுரங்க ரயில் ஏறினோம். 1863 ஜனவரியில் உலகத்தின் முதல் சுரங்கப் பாதை திறந்தபோதே இருந்த நிலையம் அது. அப்போது உள்ளே நீராவி எஞ்சின் ஓடியதாம், புகையை நினைத்துப் பாருங்கள். நம் ராயபுரத்தில் வண்டி ஓட ஆரம்பித்து ஏழு வருஷம்கூட முடியாத சமயம். அங்கே ஏறினால், நம்மவர் கடைகள் இருக்கிற ஈஸ்ட் ஹாமுக்கு மாறாமல் போகலாம். பெரியவர்களோடு போனால் 11 வயசுக்குக் கீழே டிக்கெட் இல்லை.

பாளையங்கோட்டைத் தோழி வீட்டில் தங்கினோம். பாலம், கோபுரம், அரண்மனை எல்லாம் பார்த்தாச்சு, போட்டோ தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கு ஈஸ்ட் ஹாம் கடைத்தெருதான் லண்டன். முருங்கைக்காய், வாழையிலை, நல்ல கறிவேப்பிலை. கடைக்காரர் "என்னக்கா வேணும்" என்றதும் தேவைக்கு மேலேயே வாங்கிவிட்டேன். மேனர் பார்க் முருகன் கோவிலில் உங்கள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். திரும்பும்போது முருங்கைக்காய்க் கட்டு குட்டியின் கால்மாட்டில் படுத்து வந்தது.

அடுத்த ஜூனில் நீங்களும் அம்மாவும் கட்டாயம் வர வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தாச்சா? இந்த வாரமே தம்பியை அனுப்புங்கள், விசாவுக்கு அதற்கப்புறம்தான் எழுத முடியும். லோயர் பெர்த் உங்களுக்குத்தான். எடின்பரோவில் எழுப்பிவிடுகிறேன். நெய், பால்கோவா ஒன்றும் கட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், பால் சாமான் உள்ளே விட மாட்டார்கள். கருப்பட்டி போதும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்