கேள்வி நேரத்தின் நிமிடங்களைக் காப்பாற்றுங்கள்: மக்களவை சபாநாயகருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு டான்ஸ்ரீ ஜொஹாரி அப்துல் அவர்களுக்கு, கோலாலம்பூரிலிருந்து வணக்கம். மலேசிய மக்களவை நடவடிக்கைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் வாக்காளர்கள் நாங்கள்.

காலை 10 மணிக்கு அவை கூடினால் 11.30-க்குக் கேள்வி நேரம் முடிந்துவிடுகிறது. செவ்வாய், வியாழனில் முதல் அரைமணி நேரம் பிரதமர், அமைச்சர்களுக்கான தனிக் கேள்விகளுக்குப் போய்விடும். மீதி ஒரு மணி நேரத்தில், பதிலைத் தொடர்ந்து எழும் துணைக் கேள்விகளோடு ஒன்றுக்கு ஏழெட்டு நிமிடம் என்று வைத்தாலும் எட்டுக் கேள்விதான் தேறும். உறுப்பினர்களோ 222 பேர்.

பட்டியலில் 35-ஆவதாக ஒரு தமிழ்ப்பள்ளிக் கட்டடத்தின் பழுதுபார்ப்பு பற்றிய கேள்வி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முறை வராது, எழுத்து மூலம் பதில் வரும். "ஒதுக்கீடு பரிசீலனையில் உள்ளது" என்று அதில் இருந்தால், "எந்த மாதம் வேலை தொடங்கும்?" என்று எழுந்து கேட்க வழியில்லை. அமைச்சரை மடக்குவது துணைக் கேள்விதான். இழப்பு அங்கேதான்.

இந்த நேரம் கரைவதற்கு ஒரு முக்கியக் காரணம், அவசர விவாதங்களுக்குச் சரியான இடம் இல்லாதது. நேற்று வந்த வெள்ளத்தைப் பற்றி வாய்மொழிக் கேள்வி கேட்க முடியாது. அதற்கு முன்னறிவிப்பு வேண்டும். எனவே உறுப்பினர், அவசர விஷயத்தை விவாதிக்க வழிசெய்யும் அவை விதி 18(1)-இன் கீழ் 24 மணி நேரத்துக்கு முன்பே தீர்மானம் கொடுக்கிறார். விஷயம் குறிப்பானதாக, பொது முக்கியத்துவம் உள்ளதாக, அவசரமானதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் மூன்றாவதில்தான் அடிபடுகிறது. கதவு மூடினால், மறுநாள் காலை அதே விஷயம், அவை விதி மீறப்பட்டதாக எழுப்பும் ஒழுங்குப் பிரச்சனை என்ற பெயரில் கேள்வி நேரத்துக்குள் நுழைகிறது. கூச்சல் எழுகிறது; கடிகாரம் மட்டும் நிற்பதில்லை. பறிபோவது வரிசையில் காத்திருக்கும் வேறொரு தொகுதியின் கேள்வி.

ஆகவே அவசர விவாதங்களைத் தாராளமாக அனுமதியுங்கள். ஆனால் அதற்கான நேரத்தை மாலையில், அரசாங்க அலுவல்களிலிருந்து எடுங்கள். இந்திய மக்களவையிலும், மற்ற அலுவல்களை நிறுத்திவைத்து அவசர விஷயத்தை விவாதிக்கும் ஒத்திவைப்புத் தீர்மானம் வழக்கமாக மாலை 4 மணிக்குத்தான் எடுத்துக்கொள்ளப்படும். காலைக் கேள்வி நேரம் தொடப்படுவதில்லை. மசோதாக்கள் தாமதமாகும் என்று அரசாங்கம் முறையிடலாம். அவை நேரத்தில் பெரும்பங்கு அதன் கையில்தானே இருக்கிறது? ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்கட்டும், அல்லது அன்று இரவு கூடுதலாக உட்காரட்டும்.

விவாதம் இருக்கிறதே, கேள்வி எதற்கு என்பாரும் உண்டு. விவாதத்தில் அமைச்சர் கடைசியில் எழுந்து, தனக்கு வசதியான நாலு விஷயத்துக்குப் பதில் சொல்லி உட்கார்ந்துவிடலாம். கேள்வியில் அது நடக்காது.

18(1) தீர்மானத்தை நிராகரிக்கும்போது மூன்று நிபந்தனைகளில் எது நிறைவேறவில்லை, ஏன் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். ஒழுங்குப் பிரச்சனையில் போன நிமிடங்களை அன்றைய கேள்வி நேரத்தின் இறுதியில் கூட்டிக் கொடுங்கள். பல கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகப் படிக்க அமைச்சர் அனுமதி கேட்டால், பதிலுக்கு நேர வரம்பு வையுங்கள். விதியைத் திருத்த நாளாகும் என்றால், அடுத்த கூட்டத்தொடருக்கு மட்டும் சோதனையாகச் செய்து பாருங்கள்.